பெயருக்குக் கீழே ஒரு கோடு

மனு வாங்கும் கடைசி நாள்
ஜனவரி முதல் செவ்வாய்.
எனக்குக் கோபம் வந்தது
ஜனவரி மூன்றாம் வியாழன்.
அதனால் வாக்குச்சீட்டில் நான் இல்லை.
ஆர்வில் டீட்ஸ் இருந்தார், தனியாக,
பதினாறு வருடமாக இருந்ததைப் போலவே.
அவர் பெயருக்குக் கீழே காலியாக ஒரு கோடு.
அந்தக் கோடுதான் என் கட்சி.

விஸ்கான்சினின் வடக்கு ஓரம், ஆஷ் கிரீக்.
மில் ஓடைப் பாலம் முந்தின ஜூன் வெள்ளத்தில் போனது.
கட்டக் காசில்லை என்றார்கள்.
அன்றிலிருந்து என் பள்ளிப் பேருந்து
பதினொரு மைல் சுற்றுகிறது.
லாமரே பண்ணை இரட்டையர்
இருட்டில் ஏறி இருட்டில் இறங்குகிறார்கள்.
அந்த வியாழன், இரட்டையரில் இளையவள்
இருக்கையை நனைத்துவிட்டுக்
கையுறையால் துடைத்துக்கொண்டிருந்தாள்,
நான் பார்க்கவில்லை என்று நினைத்து.

பெயர்தான் சிக்கல்.
டெல்ஃபின் ஷெபானியாக்.
கணவன் போகும்போது விட்டுப்போனது
ஓடாத பனிவாரி ஒன்றும் இந்தப் பெயரும்.
சொல்லச் சுலபம். எழுதப் போனால்
நான்கு மெய்கள் வரிசையாக நின்று வழிமறிக்கும்,
அவற்றைத் தாண்டித்தான் ஓர் உயிர்.

பெயர் போட்ட பென்சில் ஐந்நூறு அடித்தேன்.
அச்சகத்தான் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தான்.
அப்படியே கொடுத்தேன்.
தீவனக் கடை வாசலில் ஒருவர் கேட்டார்:
"ஆர்விலிடம் என்ன குறை?"
"குறை ஒன்றுமில்லை, பாலம்தான் இல்லை."
அவர் சிரித்தார். பென்சிலை மட்டும்
வாங்கிக்கொள்ளவில்லை.

பிள்ளைகள் பின்சீட்டிலிருந்து
என் பெயரை எழுத்தெழுத்தாகக் கத்தினார்கள்.
பேருந்தில் பிரசாரம் கூடாது.
கண்ணாடியில் முறைத்தேன்,
முடிந்த அளவுக்கு.

ஏப்ரல். ஊர் மன்றம். ஆறிப்போன காபி.
எழுதியவர் மனதில் இருப்பது யாரென்று தெரிந்தால் போதும்,
எழுத்துப் பிழை பார்க்க வேண்டாம் என்பது விதி.
கிளார்க் ஆர்டிஸ் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள்.
டெல்பின் செபனிக். செல்லும்.
டால்பின் ஸ்டெபானியா. செல்லும்.
பஸ் டெல்ஃபின். நெடுநேரம் பேசினார்கள்; செல்லும்.
பஸ்காரம்மா. செல்லாது.
ஏழு பஸ்காரம்மாக்கள் வரிசையாகச் செல்லாமல் போனார்கள்.

ரகசிய வாக்கு என்பார்கள்.
பத்தொன்பது வருடமாக இவர்கள் கொடுத்தனுப்பும்
துண்டுச் சீட்டுகளைப் படிப்பவள் நான்.
'மாலையில் இவனை அத்தை வீட்டில் இறக்கிவிடவும்.'
'வாந்தி எடுத்தாள், முன்சீட் கொடுக்கவும்.'
அந்தச் சாய்ந்த எழுத்து வெல்டர் ரோலண்டுடையது.
இந்தக் கிறுக்கல் தபால்காரி மாவிஸ்.
உனக்குத்தான் என்று கையடித்துச் சொன்ன
லாமரேயின் கை மட்டும்
வரவேயில்லை. அவர் மனைவியின் கையும்.
கடைசிச் சீட்டுவரை காத்திருந்தேன்.

நடுவில் ஒன்று வந்தது.
நீல மை. பதினோரு எழுத்தும் பிசகாமல்,
கடைசி எழுத்தின் கால் மட்டும் வாலாகச் சுழித்து.
'வெஸ்லிக்குக் காது வலி,
தொப்பியைக் கழற்ற விடாதீர்கள்' என்று
குளிர்காலம் முழுக்க எழுதிய கை.
யூனிஸ் டீட்ஸ்.
எதிர் நாற்காலியில் ஆர்வில்
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் என் கோப்பைக்குள் பார்த்தேன்.

ஒன்பது வாக்கில் தோற்றேன்.
பஸ்காரம்மாக்களைச் சேர்த்தாலும் இரண்டு குறை.
ஆர்வில் கைகுலுக்கினார். உள்ளங்கை ஈரம்.
"இத்தனை பேருக்கு அந்தப் பெயரை எழுத வருமென்று
நான் நினைக்கவேயில்லை" என்றார்.
நானும்தான்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்குச் சாவியைத் திருப்பினேன்.
வெஸ்லி ஏறினான், தொப்பி காதுக்குக் கீழே.
சீட்டு எதுவும் தரவில்லை.
பதினொரு மைல்.
லாமரே வாசலில் விளக்கு எரியவில்லை.
ஒருமுறை ஹாரன் அடித்தேன்,
எப்போதும் அடிப்பதைப் போல,
அதைவிடச் சற்று நீளமாகவும் இல்லை.
கதவைத் திறந்துவைத்தேன்.